காலிப்ரேஷன் முடிந்தும் ஒரு லேன் மட்டும் பிழை காட்டுவது ஏன்?

கேள்வி: 65 நானோமீட்டர் சிப் நுட்பத்தில் 4 லேன் (தனித்தனி தரவுப் பாதை) ரிசீவர் ஒன்று செய்தோம். லேனுக்கு நொடிக்கு 10 ஜிகாபிட், ஹாஃப்-ரேட் கிளாக் (பிட் வேகத்தில் பாதி, 5 கிகாஹெர்ட்ஸ்), ஒவ்வொரு பிட்டும் 0-வா 1-ஆ என்று முடிவுசெய்யும் ஸ்லைசர்கள் ஸ்ட்ராங்ஆர்ம் லாட்ச் (கிளாக் அடிக்கும்போது இரு உள்ளீடுகளை ஒப்பிடும் சுற்று). சிமுலேஷனில் சுத்தமாக ஓடியது. கைக்கு வந்த சிப்களில் பலவற்றில் ஏதோ ஒரு லேனில் பிழை விழுகிறது. எந்த லேன் என்பது சிப்புக்குச் சிப் மாறுகிறது. பவர் போட்டதும் ஆஃப்செட் (ஸ்லைசரின் முடிவு மாறும் மட்டம் பூஜ்ஜியத்திலிருந்து விலகும் அளவு) காலிப்ரேஷன் ஓடுகிறது: ஸ்லைசரின் இரு உள்ளீடுகளையும் சப்ளையோடு சேர்த்து, 100 மெகாஹெர்ட்ஸ் கிளாக்கில் அதைச் சரிசெய்யும் டாக் கோடைத் (டிஜிட்டல்-அனலாக் மாற்றிக்குத் தரும் எண்ணை) தேடுகிறோம். அடுத்த டேப்-அவுட்டில் (சிப் வடிவமைப்பை உற்பத்திக்கு அனுப்பும்போது) உள்ளீட்டு டிரான்சிஸ்டர்களைப் பெரிதாக்கிவிடலாமா?

பதில்: வேண்டாம். உங்கள் காலிப்ரேஷன் அளக்கும் ஆஃப்செட் ஒன்று, லேன் ஓடும்போது இருக்கும் ஆஃப்செட் இன்னொன்று. கோளாறு அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

முதலில் பெரிதாக்கும் யோசனையைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். பிலிப்ஸ் ஆய்வகத்தின் பெல்கிராம் 1989-இல் வெளியிட்ட விதிப்படி, ஒரு ஜோடி டிரான்சிஸ்டரின் த்ரெஷோல்டு (அது இயங்கத் தொடங்கும் வோல்டேஜ்) வித்தியாசம் பரப்பின் வர்க்கமூலத்துக்குத் தலைகீழாகக் குறையும். மாறிலியை 3.5 மில்லிவோல்ட்-மைக்ரான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அகலம் 4 மைக்ரான், நீளம் 0.06 மைக்ரான் என்றால் ஒரு சிக்மா (திட்ட விலக்கம்) சுமார் 7 மில்லிவோல்ட். அதைப் பாதியாக்கப் பரப்பு நான்கு மடங்காக வேண்டும். ஸ்லைசருக்கு முன்னால் சிக்னலைச் சீராக்கும் ஈக்வலைசர் சுமக்கும் கேட் கப்பாசிட்டன்ஸும் நான்கு மடங்காகிவிடும். 10 ஜிகாபிட்டில் அது கட்டுப்படியாகாது.

லேன் மாறி மாறி வருவதில் புதிர் இல்லை. லேனுக்கு பிட்டைப் படிக்க 2 டேட்டா, பிட் மாறும் விளிம்பைப் பார்க்க 2 எட்ஜ் என்று சிப்பில் 16 ஸ்லைசர்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றாவது 2 சிக்மாவைத் தாண்டும் வாய்ப்பு 50 சதவீதத்துக்கும் சற்று மேல். அதாவது திருத்தம் சரியாக நடக்காவிட்டால் பாதிச் சிப்களில் எங்கோ ஒரு ஸ்லைசர் 14 மில்லிவோல்ட் விலகி நிற்கும். எட்ஜ் ஸ்லைசரையும் விட்டுவிடாதீர்கள். அதன் ஆஃப்செட் ஏறும் விளிம்பை ஒரு பக்கமும் இறங்கும் விளிம்பை மறுபக்கமும் தள்ளி, கிளாக் ரிகவரிக்கு (சிக்னலிலிருந்தே கிளாக்கை மீட்கும் சுற்றுக்கு) ஜிட்டராக, அதாவது நேரத் தடுமாற்றமாக, போய்ச் சேரும்.

இனி உங்கள் காலிப்ரேஷன். உள்ளீடுகள் சப்ளை மட்டத்தில் இருந்தால் உள்ளீட்டு ஜோடி சாச்சுரேஷனில் (கெயின் நன்றாகக் கிடைக்கும் நிலையில்) இருக்கும் நேரம் சுருங்கிவிடும். அதன் கெயின் குறைவதால், மேலே இருக்கும் கிராஸ்-கப்பிள்டு ஜோடியின் (ஒன்றின் வெளியீடு மற்றதன் உள்ளீடாகும் ஜோடி) பொருந்தாமையும் உள்ளீட்டில் பெரிதாகத் தெரியும். அந்த நிலையில் கண்டுபிடித்த கோடு, ஈக்வலைசர் தரும் காமன்-மோடில் (இரு உள்ளீடுகளின் சராசரி மட்டத்தில்) பொருந்தாது. கிளாக்கும் அப்படித்தான். 5 கிகாஹெர்ட்ஸில் ரீசெட்டுக்கு (அடுத்த பிட்டுக்கு முன் லாட்சைத் துடைத்துவைக்க) கிடைப்பது 100 பைக்கோசெகண்ட். முந்தைய பிட்டின் மிச்சம் லாட்சுக்குள் கொஞ்சம் தங்கிவிடும். 100 மெகாஹெர்ட்ஸில் அதற்கு 5 நானோசெகண்ட் கிடைப்பதால் அந்தச் சுவடே இருக்காது. இரண்டையும் விட முக்கியமானது, ஈக்வலைசரின் சொந்த ஆஃப்செட்டை நீங்கள் அளக்கவே இல்லை.

கையில் இருக்கும் சிப்களை இப்படிப் பரிசோதியுங்கள். பிழைகளை 1 போய் 0 ஆனவை, 0 போய் 1 ஆனவை என்று தனித்தனியே எண்ணுங்கள். பெரும்பாலும் ஒரே திசையில் விழுந்தால் ஆஃப்செட் மீதுதான் சந்தேகம். பிறகு கேபிளின் பிளஸ், மைனஸ் முனைகளை மாற்றிச் செருகுங்கள். பிழையின் திசை ரிசீவரைப் பொறுத்தவரை அப்படியே இருந்தால் கோளாறு உங்கள் பக்கம். புரண்டால் வரும் சிக்னலே ஒருபக்கமாகச் சாய்ந்திருக்கிறது.

அடுத்து, பிஆர்பிஎஸ்31 (சோதனைக்கான போலி-சீரற்ற பிட் வரிசை) ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு டேட்டா ஸ்லைசரின் டாக் கோடை மேலே நகர்த்திப் பிழை தொடங்கும் இடத்தைக் குறியுங்கள், கீழேயும் அதேபோல். நடுக் கோடுதான் உங்களுக்கு வேண்டியது. ஈக்வலைசரின் ஆஃப்செட்டும் இதிலேயே அடங்கிவிடும். டாக்கின் எல்லைக்குள் இரு ஓரங்களும் எட்டவில்லை என்றால் டிரான்ஸ்மிட்டர் வீச்சைக் குறையுங்கள். ரிசீவரின் ஆஃப்செட் அதனால் மாறாது. இரட்டை, ஒற்றை பிட்களின் பிழையைத் தனித்தனியே எண்ணினால்தான் எந்த ஸ்லைசரைத் திருத்துகிறோம் என்பது தெரியும்.

புதிய வடிவமைப்பில் இரு உள்ளீடுகளையும் ஷார்ட் செய்யும் சுவிட்சை ஈக்வலைசரின் உள்ளீட்டில், அதன் சொந்த காமன்-மோடில் வையுங்கள். கிளாக் முழு வேகத்தில் ஓடட்டும். ஒவ்வொரு கோடிலும் 4096 முடிவுகளை எடுத்து எத்தனை 1 என்று எண்ணுங்கள். 50 சதவீதம் வரும் கோடுதான் திருத்தம். அங்கிருந்து 84 சதவீதம் வரும் கோடு வரை உள்ள தூரம், உள்ளீட்டு இரைச்சலின் ஒரு சிக்மா. தனிச் செலவில்லாமல் கிடைக்கும் அளவீடு இது. கோடை ஏற்றியும் இறக்கியும் பார்த்து, இரண்டு விடைகளின் சராசரியை எடுங்கள். லாட்சின் நினைவு இரண்டு திசையிலும் வேறு வேறு இடத்தில் முடிவை மாற்றும். பைனரி தேடலில் ஒரே ஒரு மாதிரியை நம்பினால் கடைசி பிட்களை இரைச்சலே முடிவுசெய்துவிடும். ஈக்வலைசர் அமைப்பு மாறும்போதெல்லாம் இதைத் திரும்ப ஓட்டுங்கள்.

டேட்டா ஓடும்போது 1-களின் சராசரியைப் பார்த்துப் பின்னணியில் திருத்தலாம் என்று சிலர் சொல்வார்கள். கண் (சிக்னலின் 0, 1 மட்டங்களுக்கு நடுவிலான இடைவெளி) திறந்திருக்கும்வரை ஆஃப்செட் 10 மில்லிவோல்ட் இருந்தாலும் அந்தச் சராசரி 50 சதவீதத்திலேயே நிற்கும். பிழை விழத் தொடங்கிய பிறகுதான் நகரும். ஆஃப்செட்டைத் தானே கழிக்கும் அனலாக் ஃபீட்பேக் லூப் வைப்பதானால் கட்-ஆஃபைத் (இதற்குக் கீழுள்ள அதிர்வெண்களை லூப் கழித்துவிடும்) தாழ்வாக வையுங்கள். 1 மெகாஹெர்ட்ஸில் வைத்தால், 64 பிட்டை 66 பிட்டாக அனுப்பும் 64பி/66பி கோடிங்கில் ஒரே பிட் மாறாமல் வரும் மிக நீண்ட ஓட்டமான 66 பிட்டுக்குள் சிக்னல் 4 சதவீதம் சரியும். 100 கிலோஹெர்ட்ஸில் அது 0.4 சதவீதம்தான்.

வெப்பநிலையோடு ஆஃப்செட் நகரும் என்பதால், இடம் இருந்தால் லேனுக்கு ஒரு உதிரி ஸ்லைசர் சேர்ப்பதே என் பரிந்துரை. ஒன்றைக் கழற்றி அளக்கும்போது உதிரி அதன் வேலையைப் பார்க்கும், லிங்க் நிற்காது. டிரான்சிஸ்டரை நான்கு மடங்காக்க ஒதுக்க நினைத்த பரப்பில் ஒரு பகுதியே இதற்குப் போதும். ஈக்வலைசருக்குக் கூடுவதும் ஒரு சிறிய ஸ்லைசரின் சுமை மட்டுமே.