நீரில் மூழ்கிய கதவில் தண்ணீரின் விசை ஏன் சென்ட்ராய்டுக்குக் கீழே செயல்படுகிறது?

கேட்டவர் சிவில் இரண்டாம் ஆண்டு என்று நினைக்கிறேன். விசையின் அளவைக் கண்டுபிடிக்க சென்ட்ராய்டின், அதாவது கதவுப் பரப்பின் மையப் புள்ளியின், ஆழத்தை எடுக்கிறோம், பிறகு விசை அங்கே செயல்படவில்லை என்கிறோம், இது முரணாக இல்லையா என்பது உங்கள் கேள்வி. இதே இடத்தில்தான் நான் தவறு செய்தேன்.

டிப்ளமோ முடித்த புதிதில் ஒரு பட்டறையில் வேலை. நான் முதலில் கணக்குப் போட்டது 1.2 மீட்டர் அகலம், 1.5 மீட்டர் உயரமுள்ள மதகு ஷட்டருக்கு. அதன் மேல் விளிம்புக்கு மேலேயே 3 மீட்டர் தண்ணீர். சென்ட்ராய்டின் ஆழம் 3.75 மீட்டர், விசை சுமார் 66 கிலோநியூட்டன். அது செயல்படும் இடம் சென்ட்ராய்டுக்கு வெறும் 5 சென்டிமீட்டர் கீழே. அப்போதே "இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான்" என்று மனதில் பதிந்துவிட்டது.

அப்புறம் அதே அளவில் ஓர் ஆலைத் தொட்டிக்குக் கதவு. மேலே கீல், கீழே தாழ்ப்பாள், தண்ணீர் கீல் மட்டம் வரைதான். விசை 13.2 கிலோநியூட்டன். அது கதவின் நடுவில் செயல்படுவதாக வைத்துத் தாழ்ப்பாளுக்கு 6.6 என்று எழுதினேன். ஆனால் இங்கே அழுத்தம் மேலே பூஜ்யம், கீழே போகப் போக ஏறுகிறது. முக்கோணமாக வரைந்து பாருங்கள், கனமெல்லாம் அடிப்பக்கம். செங்குத்தான செவ்வகத்துக்கு, உயரத்தின் வர்க்கத்தை சென்ட்ராய்டு ஆழத்தின் 12 மடங்கால் வகுத்தால் எவ்வளவு கீழே என்று வந்துவிடும். இங்கே 25 சென்டிமீட்டர். அதாவது கீலிலிருந்து 1 மீட்டர். தாழ்ப்பாளில் உண்மையில் வந்தது 8.8. மூன்றில் ஒரு பங்கு அதிகம்.

சோதனைக்குத் தண்ணீர் நிரப்பியபோது தாழ்ப்பாள் கம்பி வளைந்து, கதவோரம் பீய்ச்சி அடித்தது. பாதுகாப்புக் காரணி, அதாவது கணக்குக்கு மேல் கூடுதலாக வைக்கும் பலம், எங்கே போனது என்று கேட்பீர்கள். வைத்திருந்தேன். கம்பியை வாங்கியவர்கள் ஒரு சைஸ் குறைத்து வாங்கியதில் அது கரைந்துவிட்டது. அதற்காக என் தவறு இல்லை என்று சொல்ல மாட்டேன். வெல்டர் அண்ணனுக்கு மூன்று நாள் கூலியைப் பிடித்தார்கள். கணக்கு என்னுடையது என்று அன்று நான் வாய் திறக்கவில்லை. அவர் கையில் கொடுத்த வரைபடத்தில் ஒரு வரிகூடத் தமிழில் இல்லை, இன்றும் பல பட்டறைகளில் அப்படித்தான். செய்கிறவனுக்குப் புரியாத தாளைக் கொடுத்துவிட்டு அவன் கூலியிலேயே கை வைப்பது எந்த ஊர் நியாயம்?

சரி, உங்கள் முரணுக்கு வருகிறேன். ஆழத்தோடு அழுத்தம் சீராக ஏறுவதால், பரப்பு முழுவதற்குமான சராசரி அழுத்தம் சென்ட்ராய்டில் உள்ள அழுத்தமே. விசையின் அளவுக்கு அது போதும். திருப்புவிசைக்கு, அதாவது விசை கதவைக் கீலைச் சுற்றித் திருப்பும் அளவுக்கு, அது போதாது, ஏனென்றால் கீழ்ப்பாதி மேல்பாதியைவிடப் பலமாகத் தள்ளுகிறது. கதவு ஆழத்தில் இருக்க இருக்க இந்த வித்தியாசம் குறையும், நீர்மட்டத்துக்கு அருகில் வர வர அதிகமாகும். தொட்டி எவ்வளவு பெரியது என்பது இதில் வராது. செம்பரம்பாக்கம் ஏரியின் முழு ஆழம் 24 அடி, அடியில் உள்ள அழுத்தம் 24 அடி தண்ணீர் நிற்கும் கிணற்றின் அடியில் உள்ளதுதான்.

கதவு சாய்ந்திருந்தால் நான் சொன்ன வகுத்தல் அப்படியே பொருந்தாது, தூரங்களைச் சரிவு வழியே அளக்க வேண்டும். படம் போட்டுக் கேளுங்கள், எழுதுகிறேன்.