கரண்ட் அடிக்கடி போகும் ஊரில் ஸ்லீப்பா, ஹைபர்னேட்டா? கேள்வி பதில்

ஹட்டன்: அண்ணே, டெஸ்க்டொப்பை ஸ்லீப்பில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன். கரண்ட் போய் வந்ததில் டைப் பண்ணிய கடிதம் காணாமல் போய்விட்டது. ஏன்?

ஸ்லீப்பில் உங்கள் வேலை எல்லாம் ரேம் என்ற தற்காலிக நினைவகத்தில்தான் நிற்கும், கரண்ட் அறுந்தால் ரேம் காலி. ஹைபர்னேட் அப்படியில்லை, ரேமில் உள்ளதை டிஸ்கில் எழுதிவிட்டு மெஷினை அணைக்கும், ரெண்டு நாள் கழித்துப் போட்டாலும் விட்ட இடத்தில் திறக்கும். விண்டோஸில் அது மறைந்திருக்கலாம்: கொன்ட்ரோல் பெனலில் பவர் ஒப்ஷன்ஸ், அதில் பவர் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்ற பக்கம், மேலே பூட்டைத் திறக்கும் வரியை அழுத்திவிட்டு ஹைபர்னேட்டுக்கு டிக் போடுங்கள். டெஸ்க்டொப் என்றால் அட்வான்ஸ்ட் செட்டிங்ஸில் ஹைப்ரிட் ஸ்லீப் இருக்கிறதா என்றும் பாருங்கள், ரேமிலும் வைத்து டிஸ்கிலும் எழுதும். யூ.பி.எஸ். (கரண்ட் போனால் கொஞ்ச நேரம் தாங்கும் பற்றரிப் பெட்டி) இல்லாத வீட்டுக்கு அதுதான் பொருத்தம். அப்புறம், இடி தொடங்கும் முன்பே பிளக்கைக் கழற்றுங்கள்.

நுவரெலியா: மூடிப் பையில் வைத்த லெப்டொப் பஸ்ஸால் இறங்கும்போது கொதிக்கிறது.

புது லெப்டொப்கள் பலதும் மூடினாலும் அரைத்தூக்கம்தான், உள்ளே அப்டேட் ஓடும். மூடியை மூடினால் ஹைபர்னேட் என்று மாற்றுங்கள்.

பண்டாரவளை: தினமும் ஹைபர்னேட் பண்ணினால் எஸ்.எஸ்.டி. (புது வகை டிஸ்க், எழுத எழுதத் தேயும்) சீக்கிரம் செத்துவிடும் என்கிறார்களே?

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு தடவைக்கு 4 ஜி.பி. எழுதினாலும், நாளுக்கு ரெண்டு தடவை என்றால் வருஷத்துக்கு 3 டெராபைட்டுக்குக் கிட்ட (ஒரு டெராபைட் 1000 ஜி.பி.). 250 ஜி.பி. டிஸ்குகள் பலவற்றுக்கு 100 டெராபைட்டுக்கு மேல் எழுதும்வரை உத்தரவாதம் உண்டு. முப்பது வருஷம் தாண்டும்.

பண்டாரவளை: கடைக்கார அண்ணன் வேறு மாதிரிச் சொன்னாரே.

அவரிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். திடீர் திடீரென்று கரண்ட் அறுவதுதான் டிஸ்கில் உள்ள ஃபைல்களைக் கெடுக்கும், அதற்குத்தான் பயப்பட வேண்டும்.

கொட்டகலை: நானும் கேட்டேன், எஸ்.எஸ்.டி. தேயும்தானே?

தேயும். கணக்கு மேலே.

மஸ்கெலியா: ஷட்டவுன் பண்ணிவிட்டால் மின்னல் அடிக்காதுதானே?

அடிக்கும்! ஸ்லீப், ஹைபர்னேட், ஷட்டவுன் எதுவானாலும் வயர் சுவரில் செருகியபடிதானே இருக்கிறது. சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரம் இடி மழை வருவது நம் ஊரில் எல்லாருக்கும் தெரியும், மழை இருட்டும்போதே கழற்றுங்கள். ரவுட்டருக்கு வரும் டெலிபோன் வயரையும் கழற்றுங்கள், அந்த வழியாகவும் வரும். தோட்டத்து லயன் வீடுகளில் பிள்ளைகள் ஒன்லைன் வகுப்புக்கு வைத்திருக்கும் ஒரே மெஷின் போய்விட்டால் திரும்ப வாங்குவது லேசு இல்லை.

பதுளை: ராத்திரி தானாக எழும்புகிறது.

குறித்த நேரத்தில் மெஷினை எழுப்பும் வேக் டைமரைப் பவர் ஒப்ஷன்ஸில் நிறுத்துங்கள். சரிவராவிட்டால் டிவைஸ் மெனேஜரில் மவுஸ் எழுப்பும் அனுமதியை எடுங்கள்.

தலவாக்கலை: ஸ்கிரீன் சேவர் போட்டால் கரண்ட் மிச்சமா?

இல்லை. திரையை அணைய விடுங்கள், 5 நிமிஷம் வையுங்கள்.

ஹப்புத்தளை: சேர், ஸ்லீப் நல்லதா ஹைபர்னேட் நல்லதா?

முதல் பதிலைப் படியுங்கள். இடி தொடங்கும் முன்பே பிளக்கைக் கழற்றுங்கள்.