இருநூறு பாட்டு எதற்கு, எட்டு போதும்

கேள்வி: ஜூன் மூன்றாம் வாரம் குடும்பத்தோடு பத்து நாள் பாரிஸ் போகிறோம். இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. அதற்குள் பிரெஞ்சுப் பாட்டு கேட்டுப் பழகலாமென்று 'பாரிஸ் கஃபே மியூசிக்' என்று ஒரு தொகுப்பைப் பிடித்தேன். இருநூறு பாட்டு. எல்லாம் ஒரே அக்கார்டியன் சத்தமாகத்தான் கேட்கிறது. இசைக்கு மொழி தேவையில்லை என்கிறார்களே, எனக்கு மட்டும் ஏன் ஒட்டவில்லை?
— ஒரு வாசகி, திருச்சி

பதில்: உங்கள் காதில் குறையில்லை. அந்தத் தொகுப்பு பாரிஸ்காரர்கள் கேட்பதற்காகச் செய்ததல்ல. பாரிஸைப் பார்க்க வருகிறவர்களுக்காக, ஹோட்டல் வரவேற்பறையில் மெல்லிசாக ஓடவிடுவதற்குச் செய்தது. அக்கார்டியனுக்கும் அந்த ஊருக்கும் உறவு உண்டுதான். ஓவெர்ஞ் மலைப்பக்கத்திலிருந்து பிழைக்க வந்து கரியும் ஒயினும் விற்றவர்கள், பஸ்தீ அருகே லாப் தெருவில் தோல்பைக் குழல் ஊதி ஆடினார்கள். இத்தாலியிலிருந்து வந்தவர்கள் அக்கார்டியனைக் கொண்டுவந்தார்கள். இரண்டும் சேர்ந்து பிறந்தது 'பால் முசெத்'. அது ஆடுவதற்கான இசை. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து கேட்டால் மூன்றாம் பாட்டிலேயே கொட்டாவி வரும்.

இசைக்கு மொழி வேண்டாம் என்று சொன்னவர் பிரெஞ்சு 'ஷான்சோன்' கேட்டிருக்கமாட்டார். அங்கே சொல்தான் முதலாளி, மெட்டு குமாஸ்தா. தெலுங்குக் கீர்த்தனையை அர்த்தம் தெரியாமலே ராகத்தைப் பிடித்துக்கொண்டு கேட்டுவிடலாம். ழோர்ழ் ப்ராசான்ஸை அப்படிக் கேட்கவே முடியாது. ஒரு கிட்டார், ஒரு டபுள் பாஸ், பெரிதாக ஏறி இறங்காத குரல், அவ்வளவுதான் அவர் கச்சேரி. பிரெஞ்சுக்காரர்கள் அவரைக் கவிஞராகக் கொண்டாடுகிறார்கள். சொல் புரியாதவருக்கு அவர் பாட்டெல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். இந்தப் பயணத்துக்கு அவரை விட்டுவிடுங்கள்.

இருநூற்றை அழித்துவிட்டு எட்டை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பாட்டுக்கு ஐந்து நாள். மொத்தம் நாற்பது நாள், ஒரு மண்டலத்துக்குக் கொஞ்சம் குறைவு. முதல் நாள் பாட்டைப் போடாமல் மொழிபெயர்ப்பை மட்டும் படியுங்கள். இரண்டாம் நாள் காகிதம் இல்லாமல் மூன்று முறை கேளுங்கள். மூன்றாம் நாள் பிரெஞ்சு வரிகளை விரலால் தொட்டுக்கொண்டே கேளுங்கள். எழுத்தில் இருப்பதில் பாதி காதில் விழாது, அதைப் பிறகு சொல்கிறேன். மிச்ச இரண்டு நாளும் சமையல் செய்யும்போது ஓடட்டும். பலர் சறுக்குவது எங்கே என்றால், முதலில் கேட்டுவிட்டுப் பிறகு அர்த்தம் தேடுவதில். மெட்டு தானாக ஒரு அர்த்தத்தைக் கற்பித்துவிடும். அதை அப்புறம் அழிப்பது கஷ்டம்.

அதற்கு நல்ல சாட்சி ஸ்ட்ரோமாயின் 'பாப்பாஊதே' (2013). கல்யாண வீட்டு டிஜே போட்டால் எல்லோரும் எழுந்து ஆடுகிற தாளம். தலைப்பை மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டால் ஒன்றும் வராது, ஏனென்றால் அப்படி ஒரு சொல்லே இல்லை. 'பாப்பா, ஊ தே' என்று பிரித்துப் படிக்க வேண்டும்: 'அப்பா, எங்கே இருக்கே?' பாடியவர் ப்ரஸ்ஸல்ஸ்காரர். அவருடைய அப்பா 1994 ருவாண்டா இனப்படுகொலையில் இறந்தவர். இதைத் தெரிந்துகொண்டு ஒருமுறை கேளுங்கள், அதே தாளத்துக்குக் கால் ஆடுகிறதா பார்ப்போம். அவர் பெயரும் ஒரு புதிர்தான். 'மாயெஸ்த்ரோ'வை முன்னும் பின்னுமாகத் திருப்பினால் ஸ்ட்ரோமாய். இப்படி அசை மாற்றிப் பேசுவதற்கு 'வெர்லான்' என்று பெயர். இளைஞர் பேச்சிலும் ராப் பாட்டிலும் இது நிறைய வரும், அகராதியில் தேடி ஓயாதீர்கள்.

வரிசை இதுதான். தேடும்போது பாடகர் பெயரோடு ஆண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஒரே பாட்டுக்குப் பத்துப் பேர் பாடிய பதிப்புகள் கிடக்கும். முதலில் ஜோ தாசானின் 'லே ஷான்செலிசே' (1969). உச்சரிப்பு தெளிவு, பல்லவி இரண்டாம் தடவையே வாயில் வந்துவிடும். (பாரிஸின் பெருமைத் தெருவுக்கான இந்தப் பாட்டைப் பாடியவர் அமெரிக்காவில் பிறந்தவர், மெட்டு லண்டன் வாட்டர்லூ சாலையைப் பற்றிய ஆங்கிலப் பாட்டினுடையது. அங்கே யாரும் இதைப் பெரிதுபடுத்துவதில்லை.) அடுத்து ஃப்ரான்சுவாஸ் ஆர்தி, 1962இல் பாடிய 'தூ லே கார்சோன்': எளிய சொற்கள், நிதானமான வேகம். மூன்றாவது ஷார்ல் த்ரெனேயின் 'லா மேர்' (1946). ஆங்கிலத்தில் கேட்டிருப்பீர்கள், அங்கே அது காதல் பாட்டாகிவிட்டது, மூலத்தில் கடல்தான் கதாநாயகி. பிறகு எடித் பியாஃப், 'லா வி ஆன் ரோஸ்'. ஐந்தாவது ஷார்ல் ஆஸ்னவூரின் 'லா போஎம்' (1965). மோன்மார்த்ர் குன்றில் இருபது வயதில் பட்டினி கிடந்த ஓவியன் வயதான பிறகு நினைத்துப் பார்ப்பது. இதன் மேடைப் பதிவைக் கட்டாயம் பாருங்கள், வெள்ளைக் கைக்குட்டை ஒன்றை வைத்துக்கொண்டு ஒரு ஓவியரின் கையைக் காட்டுவார். ஆறாவது ழாக் ப்ரேலின் 'ந ம கித் பா' (1959). இதையும் பார்க்கத்தான் வேண்டும், அந்த வியர்த்த முகத்துக்காக. ஏழாவது கேன்ஸ்பூர், எட்டாவது ஸ்ட்ரோமாய்.

கேன்ஸ்பூரின் பாட்டு 'லிலா ஸ்டேஷனின் டிக்கெட் துளைப்பவன்' (1958). போர்த் தே லிலா மெட்ரோ நிலையத்தில் நாள் முழுக்கப் பயணச்சீட்டில் ஓட்டை போடுகிற ஒருவன். 'சின்ன ஓட்டை, சின்ன ஓட்டை' என்று பல்லவி கத்தரி ஓடுகிற வேகத்தில் வந்துகொண்டே இருக்கும். சீட்டில் தொடங்கிய ஓட்டை, துப்பாக்கியால் தன் தலையில் ஒன்று போட்டுக்கொள்ளலாமா என்பதில் போய் நிற்கிறது. பிறகு அவனைப் புதைக்கிற குழி. 'த்ரூ' என்ற ஒரே சொல் மூன்றுக்கும் வேலை செய்கிறது. தமிழில் ஓட்டை வேறு, குழி வேறு என்பதால் மொழிபெயர்ப்பில் இது நழுவிவிடும், அந்தச் சொல்லைக் காதால் எண்ணுங்கள். அந்த நிலையம் இருக்கிற 11ஆம் வழித்தடத்தை 2024இல் நீட்டியபோது, அங்கிருந்து இரண்டு நிலையம் தள்ளி வந்த புது நிலையத்துக்கே 'செர்ழ் கேன்ஸ்பூர்' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

உச்சரிப்புக்கு வருவோம். இதில் நமக்குப் பள்ளிக்கூடத்துப் புணர்ச்சி இலக்கணம் கைகொடுக்கும். 'அது' 'எங்கே' சேர்ந்தால் கடைசி உகரம் கெட்டு 'அதெங்கே' ஆகிறதல்லவா, அதேபோல 'ழ' 'எம்' சேர்ந்து 'ழெம்' ஆகும். 'லே' என்பதற்குப் பின் 'அமி' வந்தால், எழுத்தில் ஊமையாகக் கிடக்கும் மெய் உயிர்பெற்று 'லேஸமி' என்று ஒலிக்கும். வார்த்தைகள் எங்கே பிரிகின்றன என்று தெரியாமல் திணறுவதற்குக் காரணம் இதுதான். இன்னொன்று, பேச்சில் விழுங்கும் கடைசி உயிரைப் பாட்டில் பாடுவார்கள். 'ஃப்ரேர் ழாக்' பேச்சில் இரண்டு அசை. குழந்தைகள் பாடும்போது 'ஃப்ரே-ர ழா-க' என்று நான்கு. 'ஷான்சோன்' என்று நான் எழுதுகிற 'ன்' உண்மையில் 'ன்' அல்ல. நாக்கு எங்கேயும் தொடக்கூடாது, மூச்சு மூக்கு வழியாகவும் போகவேண்டும். பியாஃபின் உருளும் 'ர' நம் காதுக்கு இதமாக இருக்கும், ஆனால் அது பழங்காலத்து 'ர'. இன்றைய பாரிஸின் 'ர' உருளாது, தொண்டையில் உரசும்.

பாட்டில் கற்ற பிரெஞ்சைக் கடையில் அப்படியே அவிழ்த்துவிடாதீர்கள். காதல் பாட்டு முழுக்க 'துயு', அதாவது 'நீ'. பேக்கரிக்காரரிடம் 'வூ', அதாவது 'நீங்கள்' சொல்ல வேண்டும், அதற்கும் முன்னால் 'போன்ழூர்'. அதைச் சொல்லாமல் ரொட்டியைக் கேட்டால் முகம் மாறும்.

எட்டுக்கு அப்பால் தேட ஆசைப்பட்டால் தொகுப்புகளை விட்டு 'ஃபிப்' வானொலிக்கு வாருங்கள். 1971இல் தொடங்கிய அரசு வானொலி, இணையத்தில் இங்கேயே கேட்கலாம். ஜாஸ், ராப், பழைய ஷான்சோன், ஆப்பிரிக்கா எல்லாம் அடுத்தடுத்து வரும். ஓடிய பாட்டின் பெயரைப் பின்னால் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். மற்ற பிரெஞ்சு நிலையங்களிலும் சொந்த மொழிப் பாட்டு நிறைய ஒலிப்பதற்குப் பின்னால் ஒரு சட்டம் இருக்கிறது. 1994இல் போட்டது, 1996 ஜனவரி 1 முதல் அமல்: ஒலிபரப்பும் பாட்டில் 40 சதவீதம் பிரெஞ்சு மொழியில் இருக்கவேண்டும். அங்கே ராப் செழித்ததில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

நீங்கள் போகும் வாரத்தில் ஜூன் 21 வருகிறது. 1982இல் தொடங்கிய 'ஃபெத் த லா மியுசீக்' நாள் அது, தெருவெல்லாம் இலவசமாகப் பாட்டு. (புதுச்சேரியிலும் அலியான்ஸ் பிரான்சேஸ் இதை நடத்துகிறது.) ஷான்சோன் மழையாகப் பொழியும் என்று எதிர்பார்த்துப் போனால் ஏமாறுவீர்கள். தெருமுனைகளில் பாதி ஆங்கில ராக், மீதி டிஜே. சூரியன் மறையவே இரவு பத்தாகிவிடும். அதற்கு முன் தேவாலயங்கள், முற்றங்கள் பக்கம் போங்கள். குழந்தைகள் இருந்தால் பத்துக்கு மேல் மாரே பக்கத்து நெரிசல் வேண்டாம்.

ஆஸ்னவூர் பாட்டைக் கேட்டுவிட்டு மோன்மார்த்ர் போகிறவர்கள் அங்கே 'லாப்பான் அழில்' என்ற பழைய சின்னக் கபரேயில் ஒரு மாலை உட்காரலாம், முன்பதிவு வேண்டும். இலங்கைத் தமிழர் கடைகளுக்காக லா ஷப்பேல் பக்கம் எப்படியும் போவீர்கள், பத்து நாள் சோறில்லாமல் இருக்கப்போகிறீர்களா என்ன. அதே வட்டாரத்தில்தான் 'பூஃப் து நோர்' நாடக அரங்கம். நாடக இயக்குநர் பீட்டர் ப்ரூக் 1974இல் மறுபடி திறந்தபோது உரிந்த சுவரைப் பூசாமல் அப்படியே விட்டார். அங்கே கச்சேரியும் நடக்கும், நிகழ்ச்சி நிரலை இப்போதே பாருங்கள்.

பியாஃபின் கல்லறை பேர் லாஷேஸ் கல்லறைத் தோட்டத்தில், 97ஆம் பிரிவு. பிரிவு எண் இல்லாமல் போனால் அரை நாள் காலி, இடம் 44 ஹெக்டேர். வெர்னேய் தெருவில் கேன்ஸ்பூர் வாழ்ந்த வீட்டை 2023இல் திறந்துவிட்டார்கள். ஒரு நேரத்தில் ஓரிருவரைத்தான் விடுவதால் சீட்டு சீக்கிரம் தீர்ந்துபோகும். கிடைக்காவிட்டால் வெளிச்சுவரின் கிறுக்கல்களைப் பார்க்கக் காசு வேண்டாம். அவர் கல்லறை மோன்பார்னாஸ் கல்லறைத் தோட்டத்தில், முதல் பிரிவு. அதன்மேல் பூவோடு மெட்ரோ பயணச்சீட்டுகள் கிடக்கும், ஏழாவது பாட்டைக் கேட்டவர்கள் வைத்துவிட்டுப் போனவை. நீங்களும் ஒன்று வைக்க நினைத்தால் கைவசம் இருக்குமா என்பதுதான் சிக்கல். காகிதச் சீட்டைப் படிப்படியாக நிறுத்திவருகிறார்கள், எல்லோர் கையிலும் இப்போது கார்டுதான்.