ரூம்மேட் ஒட்டிய லேபிளைக் கழற்றுங்கள்

சகோ, எலெக்ட்ரானிக் சிட்டியில் அடுத்தவர் வேலையையும் இழுத்துப்போட்டு ராத்திரி பதினொன்று வரை உட்காருகிறேன், வேறு நல்ல வேலை வந்தும் போகவில்லை, ரூம்மேட் ‘நீ மசோகிஸ்ட்’ என்கிறான், எனக்கு மனநோயா என்று கேட்டிருக்கிறீர்கள். 19ஆம் நூற்றாண்டில் கிராஃப்ட்-எபிங் என்ற மனநல மருத்துவர் அந்தச் சொல்லைப் பரப்பியது வலியிலும் அவமானத்திலும் பாலின்பம் தேடுவதற்கு, ஆபீஸுக்கு இல்லை. 1924இல் ஃப்ராய்டுதான், உள்ளே கிடக்கும் குற்றவுணர்வு தண்டனை தேடி அலைகிறது என்று ‘தார்மீக மசோகிசம்’ என்ற வகையைச் சொன்னார். உங்கள் ரூம்மேட் தெரியாமலே அவர் கட்சி.

1987இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் மனநோய்களைப் பட்டியலிடும் தன் கையேட்டின் பின்னிணைப்பில் ‘தன்னைத்தானே தோற்கடிக்கும் ஆளுமைக் கோளாறு’ என்று ஒன்றை வைத்தது, வீட்டில் அடிவாங்கும் பெண்ணையே குற்றவாளியாக்க இது உதவும் என்று பெண்ணியவாதிகள் பிடிபிடியென்று பிடிக்க, 1994 பதிப்பில் அது காணாமல் போனது. போனதே நல்லது என்பேன்.

உங்கள் பதிவில் வலியில் சுகம் என்று ஒரு வரிகூட இல்லை, ‘முடியாதுன்னு சொன்னா கோபப்படுவாங்க’ மட்டும் மூன்று தடவை வருகிறது. அது பயம், சகோ. தூக்கமும் கெட்டிருக்கிறது என்கிறீர்களே, பெங்களூரு ஓசூர் ரோட்டிலேயே நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை இருக்கிறது, அதற்கு முன் போனில் பேச வேண்டுமென்றால் அரசின் மனநல உதவி எண் 14416, காசில்லை, தமிழிலும் பேசலாம்.