வேலையிடத்தில் ஸ்காஃப், மாலை, காப்பு நூல்: கேள்வி பதில்

(பதில் சொல்பவர்: யாழ்ப்பாணத்தில் இளைப்பாறிய தொழில் உத்தியோகத்தர்)

கே: ஐயா, டவுனில் ஒரு துணிக்கடையில் நிற்கிறேன். எல்லாருக்கும் மெரூன் சாறி. மற்றப் பிள்ளைகள் பொட்டு, சந்தனத்தோடு நிற்கலாம். நான் மட்டும் ஸ்காஃபைக் கழற்ற வேண்டுமாம். “வாற சனம் ஒரு மாதிரிப் பார்க்கும்” என்கிறார் முதலாளி.

ப: தங்கச்சி, சந்தனத்தை விட்டு ஸ்காஃபை மட்டும் பிடித்தால் அது சீருடை விதியே இல்லை. ஆனால் சட்டத்தில் ஒரு ஓட்டை. மதம் பார்த்துப் பாகுபாடு காட்டக்கூடாது என்று இலங்கை அரசியலமைப்பின் 12(2) உறுப்புரை சொன்னாலும், 126ஆம் உறுப்புரைப்படி உயர் நீதிமன்றம் போவது அரசு செய்ததற்கு எதிராகத்தான். தனியார் முதலாளியை அதில் இழுக்க முடியாது. வேலையால் நிறுத்தினால் 6 மாதத்துக்குள் தொழில் நியாய சபைக்குப் போகலாம். அதற்கு முதல், அதே மெரூன் துணியில் ஒரு ஸ்காஃப் தைத்துக் கொண்டுபோய்க் காட்டுங்கள். எனக்குத் தெரிந்த இரண்டு கடைகளில் பிரச்சினை அத்தோடு முடிந்தது. மறுத்தால் விதியை எழுத்தில் கேளுங்கள். “சனம் பார்க்கும்” என்று எழுதிக் கையெழுத்து வைக்க எந்த முதலாளிக்கும் கை வராது.

கே: அரச பாடசாலை ஆசிரியை நான். அபாயா வேண்டாம் என்று வாய்மொழியாகச் சொல்கிறார்கள்.

ப: அரச பாடசாலை என்பதால் உங்கள் பக்கம் பலம் உண்டு, நாள்தான் குறைவு. தடை போட்டதிலிருந்து 1 மாதத்துக்குள் உயர் நீதிமன்றம் போக வேண்டும். அதே 1 மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அவர்கள் விசாரிக்கும் காலம் கணக்கில் சேராது. 2018இல் திருகோணமலை சண்முகா இந்து மகளிர் கல்லூரியில் இதே தகராறு வந்தபோது ஆணைக்குழு ஆசிரியைகள் பக்கமே நின்றது. 2019இல் அரச ஊழியப் பெண்களுக்குச் சாறி அல்லது ஒசரி (கண்டியச் சாறி)தான் என்று வந்த சுற்றறிக்கையும் எதிர்ப்புக்குப் பிறகு திருத்தப்பட்டது. முகத்தை மூடுவது வேறு கதை. இரண்டையும் குழப்ப விடாதீர்கள்.

கே: நல்லூர்க் கோயிலுக்குள் போகச் சேட்டைக் கழற்றுகிறோம்தானே. கடைக்காரர் விதி போட்டால் மட்டும் ஏன் குற்றம்?

ப: தம்பி, பிடிக்காவிட்டால் வெளிவீதியில் நின்று கும்பிட்டுவிட்டு வரலாம். சம்பளத்தை வெளிவீதியில் நின்று வாங்க முடியுமா?

கே: கராஜில் வேலை. ஐயப்பனுக்கு மாலை போட்டிருக்கிறேன். தாடி, கறுப்பு வேட்டி, வெறுங்கால் மூன்றுக்கும் மறுப்பு.

ப: தாடியை மறுக்கக் காரணமே இல்லை. வேட்டிக்குப் பதில் கறுப்பு ஓவரோல் கேளுங்கள். எஞ்சின் இறக்கும் இடத்தில் வெறுங்கால் சரிவராது. மாலையை உள்ளே விட்டுப் பட்டனைப் பூட்டுங்கள், ஃபேன் பெல்ட்டுக்கு பக்தி தெரியாது. 2013இல் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றமும் இப்படித்தான் பிரித்தது: பிரிட்டிஷ் எயார்வேஸ் ஊழியரின் சிலுவைச் சங்கிலிக்குச் சம்மதம், நோயாளிகளோடு வேலை செய்த தாதியின் சங்கிலிக்கு இல்லை.

கே: சாப்பாட்டுக்கடைக் குசினியில் கந்தசஷ்டிக் காப்பு நூல் கட்டலாமா?

ப: மா குழைக்கும் கையில் வேண்டாம். அந்த ஆறு நாளும் காசு மேசைக்கு மாற்றிவிடச் சொல்லுங்கள்.