கணவன் நல்லவன்தானே? – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

நாங்கள் சிலர் மாதம் ஒருமுறை வட்டார நூலகத்தில் கூடிச் சிறுகதை வாசிக்கிறோம். போன மாதம் அமெரிக்க எழுத்தாளர் கேட் ஷோப்பானின் ‘ஒரு மணி நேரத்தின் கதை’யைக் கொடுத்தேன். கணவன் ரயில் விபத்தில் இறந்துவிட்டதாகச் செய்தி வருகிறது. மனைவி அழுகிறாள். பிறகு அறைக்குள் தனியே போய் ‘விடுதலை’ என்று முணுமுணுக்கிறாள். கடைசியில் கணவன் உயிரோடு வந்து நிற்க, அவள் செத்துப்போகிறாள். “அவன் அடித்தானா, குடித்தானா? நல்லவன்தானே, இவளுக்கு என்ன குறை?” என்பதிலேயே பேச்சு முட்டிக்கொண்டது. இதெல்லாம் வெள்ளைக்காரிகளின் பிரச்சினை என்று ஒருவர் முடித்துவைத்தார்.

இதே கருவில், சிங்கப்பூரில், நம் செங்காங் நாலறை வீட்டில் நடப்பதாக நானும் ஒரு கதை எழுதிப் பார்த்தேன். கணவனைக் குடிகாரனாக்கினேன். எடுபடவில்லை. அடுத்த கூட்டத்தை எப்படி நடத்துவது? என் கதையில் என்ன கோளாறு?

வ., செங்காங்

அன்புள்ள வ.,

இரண்டு கேள்விக்கும் முடிச்சு ஒரே இடத்தில்தான் இருக்கிறது. ‘கணவன் எப்படிப்பட்டவன்?’ என்று தட்டினால் இந்தக் கதை திறக்காது. அந்த வாசலை ஷோப்பானே அடைத்துவிட்டார். அவளை அன்பில்லாமல் பார்த்தறியாத முகம் அவனுடையது. அந்தக் கைகளைச் சவமாகக் காணும்போது மறுபடி அழுவோம் என்று அவளுக்கே தெரியும். சில சமயம் அவனை நேசித்தாள், பல சமயம் இல்லை என்பதோடு கதை அந்தப் பேச்சை விட்டுவிடுகிறது. கொடுமைக்காரன் என்றால் அவள் நிம்மதிக்குக் காரணம் கையில் கிடைத்துவிடும், நாமும் தலையாட்டிவிட்டு எழுந்துவிடுவோம். நல்லவன் என்பதால்தான் கேள்வி அவனைத் தாண்டி, ஒருவர் விருப்பத்தை இன்னொருவர் மேல் சுமத்த இடம் கொடுக்கும் அந்த ஏற்பாட்டின் மேல் போய் விழுகிறது. உங்கள் கதையில் மதுப் பாட்டில் நுழைந்ததும் அது குடியைப் பற்றிய கதையாகிவிட்டது.

கூட்டத்துக்கு வருகிறேன். கதை 1894-இல் வந்தது, ஆங்கிலத்தில் சுமார் ஆயிரம் சொல்தான். இரண்டு முறை உரக்க வாசித்தாலும் கால்மணி நேரத்துக்கு மேல் ஆகாது. முதல் வாசிப்பில் எல்லோரும் சும்மா கேட்கட்டும். இரண்டாவதில் கையில் பென்சில் இருக்க வேண்டும்: அவளைக் கதை என்னவென்று குறிப்பிடுகிறது என்பதற்கு மட்டும் கோடிடச் சொல்லுங்கள். தொடக்கத்தில் ‘திருமதி மல்லர்ட்’. அதன் பிறகு வெறும் ‘அவள்’. லூயிஸ் என்ற சொந்தப் பெயர் எங்கே வருகிறது பாருங்கள். ‘விடுதலை’ அவள் வாயிலிருந்து வந்துவிட்ட பிறகு, உடன்பிறந்தவள் ஜோசஃபின் சாவித் துவாரத்தில் வாயை வைத்துக் கெஞ்சும்போதுதான். அடுத்து கணவன் பையும் குடையுமாக உள்ளே வருகிறான். குடும்ப நண்பர் ரிச்சர்ட்ஸ் அவனை மறைக்கப் பாயும் வரியில் அவள் மறுபடி ‘மனைவி’. இந்த நாலு கோட்டையும் போட்டவர்கள் வெள்ளைக்காரி பேச்சை எடுக்க மாட்டார்கள். இன்னாரின் வீட்டுக்காரி, இன்னாரின் அம்மா என்றே அழைக்கப்பட்டவர்கள் உங்கள் மேசையைச் சுற்றியே இருப்பார்கள். ஒரு எச்சரிக்கை: மொழிபெயர்ப்பைக் கொடுத்தால் முதலில் மூலத்தோடு ஒத்துப் பார்த்துவிடுங்கள். ‘லூயிஸ்’ முதல் பத்தியிலேயே வந்துவிட்டால் பயிற்சி அதோடு போயிற்று.

கூடவே கு.ப.ராஜகோபாலனின் ‘விடியுமா?’வையும் கொடுங்கள். அவர் 1944-இல் காலமானவர், ஷோப்பான் 1904-இல். இருவர் எழுத்துக்கும் இங்கே பதிப்புரிமைக் காலம் முடிந்துவிட்டதால் தயங்காமல் நகலெடுக்கலாம். அங்கேயும் ஒரு தந்தி. கணவர் அபாய நிலையில் இருக்கிறார் என்று கேட்டு, குஞ்சம்மாள் தம்பியோடு கும்பகோணத்திலிருந்து இரவு ரயிலில் சென்னைக்குப் போகிறாள். ஷோப்பானில் நாம் பெண்ணின் மனசுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறோம். கு.ப.ரா.வில் பார்ப்பவன் தம்பி, அவள் மனசு நமக்குப் பூட்டியே இருக்கிறது. ‘இவளுக்கும் உள்ளூரச் சந்தோஷம்தான்’ என்று யாராவது அவசரப்படுவார்கள். அந்த வரி எங்கே இருக்கிறது, காட்டுங்கள் என்று கேளுங்கள். காட்ட முடியாது. இருப்பது, இரவெல்லாம் பிடித்து உலுக்கிய பயம், கணவர் இறந்தது நிச்சயமாகத் தெரிந்ததும் விலகுகிற ஆசுவாசம். துக்கமும் அதுவும் ஒரே நெஞ்சில் இருக்கலாம். என்னைக் கேட்டால், இரண்டில் கு.ப.ரா.வின் கதைதான் கடினமான காரியத்தைச் செய்கிறது. ஷோப்பானின் முடிவில் கொஞ்சம் வித்தை தெரிகிறது.

இனி உங்கள் கதை. செய்தி பொய்யாக ஒரு மணி நேரம் நிற்க வேண்டும், இல்லையா? ஷோப்பானின் ரிச்சர்ட்ஸ் இரண்டாவது தந்தி வந்து உறுதியான பிறகுதான் வீட்டுக்கு ஓடி வருகிறார். அந்த ஒரு வரி இல்லாவிட்டால் கதையே நிற்காது. செங்காங்கில் அவன் கைப்பேசிக்கு ஒரு அழைப்புப் போட்டால் முடிந்தது. ஆகவே மரணத்தை விட்டுவிடுங்கள். அவன் ரிசர்விஸ்ட் ராணுவப் பயிற்சிக்குப் போயிருக்கும் நாட்களே தாராளம்.

பெரிய ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. இந்த ஊரில் கணவன் செத்தான் என்றதும் வாசகர் வீட்டுக் கணக்கைத்தான் போடுவார். இருவரும் கூட்டுரிமையில் வாங்கியிருந்தால் வீடு அப்படியே அவளுக்கு வரும். மத்திய சேம நிதியின் (மசேநிதி) வீட்டுப் பாதுகாப்புத் திட்டத்தில் அவன் இருந்திருந்தால், அவன் பங்குக்குக் காப்புறுதி செய்த அளவுக்குக் கடனும் அடைபடும். நீங்கள் அதைச் சொல்லாமல் விட்டதால் ‘விடுதலை’ என்றவுடன் வாசகர் காதில் ‘வீடு’ என்று விழுகிறது. ஒன்று, கணக்கை நேராகக் கதைக்குள் கொண்டு வாருங்கள். அல்லது பிரிவைப் பற்றியே எழுதுங்கள். கரு இங்கேயே கிடைக்கிறது: மணமாகி மூன்று ஆண்டு ஆகாமல் பொதுவாக மணவிலக்கு மனு போட முடியாது. வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) புது வீட்டைக் குறைந்தது ஐந்து ஆண்டு குடியிருக்காமல் விற்க முடியாது. தனியாளாக வாங்க 35 வயது ஆக வேண்டும். இருபத்தெட்டு வயதில், நல்லவனான கணவனோடு, இரண்டாம் ஆண்டில் ஒரு பெண் இந்த மூன்று எண்களையும் மனசுக்குள் கூட்டிப் பார்க்கிறாள் என்று வையுங்கள். குடிகாரன் எதற்கு?

இந்தக் கணக்கைப் பழைய கதைகளும் எளிதாகத் தாண்டிவிடுவதுண்டு. தாகூரின் ‘மனைவியின் கடிதம்’ (1914) கதையில் மிருணாள் பதினைந்து ஆண்டு மணவாழ்வுக்குப் பிறகு பூரியிலிருந்து, இனி திரும்ப மாட்டேன் என்று எழுதுகிறாள். அபாரமான கடிதம். அடுத்த மாதச் சாப்பாட்டுக்கு என்ன வழி என்பது அதில் இல்லை.

அதைத் தாண்டாத கதை மேரி வில்கின்ஸ் ஃப்ரீமனின் ‘அம்மாவின் கலகம்’ (1890). மணமான நாற்பது ஆண்டாக வீடு கட்டித் தருவதாகச் சொன்ன கணவன், அதே இடத்தில் புதுத் தொழுவம் கட்டுகிறான். அவன் குதிரை வாங்க வெளியூர் போன நேரம் சாரா பென் தட்டுமுட்டுச் சாமானோடு தொழுவத்துக்குக் குடிபோய்விடுகிறாள். சேணம் வைக்கும் அறை சமையலறை, குதிரைக் கொட்டடிகள் படுக்கையறை என்று அவள் மனசில் வரைபடமே தயார். தாலி அறுக்கவில்லை, ஊரை விட்டு ஓடவில்லை. அதற்கடுத்த மாதம் இதை எடுங்கள். திரும்பி வந்த கணவன், உனக்கு இவ்வளவு பிடிவாதம் இருந்தது தெரியாதே என்கிறான். அந்த இடத்தில் வாசிப்பை நிறுத்தி, அதற்கு முன் அவள் அவனிடம் வாய்விட்டுக் கேட்ட பக்கத்தைத் தேடிப் பிடித்து மறுபடி உரக்க வாசிக்கச் சொல்லுங்கள்.