மாமா உட்கார்ந்தால் ஆறு பேருக்கும் தீர்த்தம் இல்லை

கேள்வி: நாங்கள் ஆறு நண்பர்கள். இருவருக்கு ஓசூரில் வேலை, மற்றவர்கள் ஊரில். இரவு நேரங்களில் ஆன்லைனில் சேர்ந்து விளையாடுவோம். ‘டெஸ்டினி’ என்ற சுடும் விளையாட்டில், குழுவாகச் சேர்ந்தே முடிக்க வேண்டிய ரெய்டு என்ற கடினமான கட்டங்களை எல்லாம் முட்டி மோதித்தான் முடித்தோம். இப்போது புதிதாக வருகிறவர்கள் இவற்றுக்கும் ஈஸி மோடு, அதாவது எளிய நிலை, வேண்டும் என்கிறார்கள். தீர்த்தமலைக்குப் படியேறிப் போனால்தானே ராமர் தீர்த்தத்தில் குளித்த திருப்தி? பாதிப் படியிலேயே தீர்த்தத்தைக் கொண்டுவந்து தலையில் ஊற்றச் சொன்னால் என்ன நியாயம்?
– வாசகர் ஒருவர், பாலக்கோடு

பதில்: உவமை அழகாகத்தான் இருக்கிறது, பொருந்தத்தான் மறுக்கிறது. தீர்த்தமலையில் உங்கள் மாமாவுக்குப் பாதி வழியில் மூச்சு வாங்கினால், அவர் ஒரு படியில் உட்கார்ந்துகொள்வார். நீங்கள் மேலே போய்க் குளித்துவிட்டு வருவீர்கள். அவருடைய முழங்கால் வலி உங்கள் தீர்த்தத்தைத் தடுக்காது. ரெய்டில் மாமா உட்கார்ந்தால் ஆறு பேருக்கும் தீர்த்தம் கிடையாது. எல்லோரும் கீழே இறங்கி மறுபடி ஏற வேண்டும், மாமாவைத் திட்டிக்கொண்டே.

ஒருவர் மட்டும் ஆடும் விளையாட்டைப் பற்றிக் கேட்டிருந்தால் நான் உங்கள் பக்கம் நின்றிருப்பேன். 2019இல் ‘செகிரோ’ வந்தபோது அதில் எளிய நிலை இல்லை என்று உலகமெங்கும் பெரிய சண்டை நடந்தது. அங்கே தோற்பவர் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. விடிய விடியச் செத்துப் பிழைக்கலாம், அல்லது மூடிவைத்துவிட்டுத் தூங்கப் போகலாம். படைத்தவர் ‘என் விளையாட்டு இப்படித்தான்’ என்றால் அது அவர் உரிமை. கூட்டாக ஆடும் விளையாட்டில் கடினத்தின் கணக்கே வேறு. அங்கே ஒருவர் செய்யும் பிழைக்கு ஐந்து பேர் வட்டி கட்டுகிறார்கள்.

நீங்கள் பெருமையோடு குறிப்பிடும் விளையாட்டையே எடுத்துக்கொள்வோம். 2014இல் வந்த முதல் ‘டெஸ்டினி’யில் ‘வால்ட் ஆஃப் கிளாஸ்’ என்ற ரெய்டு இருந்தது. ஆறு பேர் வேண்டும். ஆள் சேர்த்துத் தரும் வேலையை விளையாட்டு செய்யாது. நீங்களே வெளியில் தேடிப் பிடிக்க வேண்டும். சுட்டு அழிக்க வேண்டிய ஆரக்கிள்கள் தோன்றும் நேரத்தில் யார் எந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொள்வது என்று முன்பே பேசி வைத்திருக்க வேண்டும். ஒன்று தப்பினாலும் குழு முழுவதுக்கும் ஆபத்து. சரி. அந்த ரெய்டுக்கே சாதாரணம், கடினம் என்று இரண்டு நிலைகள் இருந்தன என்பதை ஏன் எழுதவில்லை? கடின நிலையில் செத்தவரைக் கூட்டாளிகள் எழுப்ப முடியாது. சாதாரண நிலையில் எழுப்பலாம். நீங்கள் முட்டி மோதி முடித்தது எந்த நிலையில் என்றும் கடிதத்தில் இல்லை.

அதற்கும் முன்னால் ஒரு தடை இருக்கிறது. ஆறு பேரை ஒரே நேரத்தில் உட்காரவைப்பது. ஒருவருக்கு இரவு ஷிப்டு. இன்னொருவர் வீட்டில் குழந்தை தூங்குகிறது, மைக்கில் பேச முடியாது. மூன்றாமவர் தெருவில் கடைசிக் கட்டத்தில் மின்சாரம் போகும். இத்தனையும் தாண்டிக் கூடிய ஆறு பேரில் ஒருவர் புதியவர் என்றால், அவர் கற்றுக்கொள்ளும் ஒவ்வொரு தவறும் மற்றவர்களின் அரிய இரவிலிருந்து கழிகிறது. அடுத்த வாரம் அவரை யாரும் கூப்பிடுவதில்லை. அவருக்குத் திறமை இல்லை என்பதல்ல காரணம். தவறு செய்ய அவருக்கு இடமே இல்லை. எளிய நிலை என்பது முதலில் அந்த இடம். கை வேகம் குறைந்தவர்களுக்கும் காது சரியாகக் கேட்காதவர்களுக்கும் அதுவே இடம்.

ஆனால் எளிய நிலை என்ற பெயரில் எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளச் சொல்லவில்லை. இணையத்தில் பலர் சேர்ந்து ஆடும் ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ 2006இல் நாக்ஸ்ரமாஸ் என்ற ரெய்டை 40 பேருக்காகக் கட்டியது. ஆடியவர்களில் பெரும்பாலோர் அதன் உள்ளே காலே வைக்கவில்லை. அத்தனை உழைப்பும் யாருக்கு? 2008இல் அதையே 10 பேர், 25 பேர் என்று இலகுவாக்கித் திரும்பக் கொண்டுவந்தார்கள். 2011இல் இன்னும் ஒரு படி இறங்கி, முன்பின் தெரியாதவர்களைத் தானாகவே சேர்த்துவிடும் ரெய்டு ஃபைண்டர் வந்தது. கதவு திறந்தது, உண்மை. ஆனால் அங்கே யாரோடும் பேசாமல், காலடியில் எரியும் நெருப்பிலேயே நின்றுகொண்டிருந்தாலும் பல சமயம் ஜெயித்துவிடலாம். அங்கே பழகியவர் மேல்நிலைக்குப் போனால் ஒன்றும் தெரியாமல் விழிப்பார். இப்படிப்பட்ட எளிய நிலையைப் பார்த்துத்தான் உங்களுக்குக் கோபம் என்றால், அந்தக் கோபத்தில் எனக்கும் பங்கு உண்டு.

‘ஃபைனல் ஃபேன்டசி 14’ செய்தது வேறு. 2015இல் இருந்து எட்டுப் பேர் ரெய்டுகளைச் சாதாரணம், சாவேஜ் என்ற கடின நிலை என்று பிரித்தார்கள். கதை முழுவதும் சாதாரண நிலையிலேயே தெரிந்துவிடும். அதே அரக்கன், அதே தாக்குதல்களின் சாயல். தவறினால் அடி விழும், பெரும்பாலும் எழுந்துகொள்ளலாம். சாவேஜில் அதே பாடம் சிக்கலாகி, மன்னிப்பில்லாமல் வரும். அதுவும் போதாதவர்களுக்கு 2017இல் அல்டிமேட் என்று ஒன்றைச் சேர்த்தார்கள். கீழே வாசல் திறந்ததால் மேலே இருந்தவர்கள் எதையும் இழக்கவில்லை.

இரண்டு பேர் சேர்ந்து ஆடக்கூடிய ‘கப்ஹெட்’ (2017) இதில் கஞ்சத்தனம் செய்தது. சிம்பிள் என்று ஒரு நிலையைக் கொடுத்து, சண்டைகளின் சில கட்டங்களை வெட்டி, அதிலேயே ஜெயித்தவர்களுக்கு இறுதிப் பகுதியைப் பூட்டிவைத்தது. தம்பியோடு ஆசையாக ஆடுகிறவரிடம் ‘முடிவு உனக்கில்லை’ என்று சொல்வதற்குப் பெயர் சலுகையா?

விளையாட்டு செய்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: அரக்கனின் உயிரைக் குறையுங்கள், அடியின் வலுவைக் குறையுங்கள், விட்ட இடத்திலிருந்து தொடங்க விடுங்கள், செத்தவரை எழுப்ப இன்னும் ஒரு வாய்ப்புக் கொடுங்கள். ஒருவரை ஒருவர் நம்பியே தீர வேண்டும் என்ற ஏற்பாட்டில் மட்டும் கை வைக்காதீர்கள். பேசாமல் ஜெயிக்க முடிந்தால் அது கூட்டு விளையாட்டே அல்ல, ஒரே அறையில் ஆறு தனி விளையாட்டு.

பரிசு விஷயத்தில் உங்கள் கட்சிக்கு ஒரு நியாயம் உண்டு. இரண்டு நிலைகளிலும் ஒரே பரிசு என்றால் எல்லோரும் எளிய பக்கம் ஓடுவார்கள்; கடின நிலையில் ஆடக் கூட்டாளி கிடைக்காது. நால்வர் ஆடும் ‘ஹெல்டைவர்ஸ் 2’ இதைப் புரிந்துகொண்டிருக்கிறது. 2024இல் வந்த இந்த விளையாட்டில், வசதிகளை மேம்படுத்தச் சேகரிக்கும் மாதிரிகளில் அபூர்வமானவை உயர்ந்த நிலைகளில்தான் கிடைக்கும். எளிய நிலையில் ஆடுகிறவரை யாரும் வெளியே தள்ளுவதில்லை, மேலே போகிறவரின் பெருமையும் குறைவதில்லை. உங்கள் பதக்கம் பத்திரமாக இருக்கும், பயப்படாதீர்கள்.

ஒரு வேலை செய்யுங்கள். ஈஸி மோடு கேட்கும் அந்தப் புதியவர்களில் ஒருவரை உங்கள் குழுவோடு சாதாரண நிலைக்கு அழைத்துப் போங்கள். நாளைக்கே ஓசூர் நண்பர்களில் ஒருவருக்கு ஷிப்டு மாறும். அப்போது ஆறாவது ஆளைத் தேடி அலையப் போவது நீங்கள்தான்.